லட்சுமியை எழுப்பிவிட்ட நாள்

போன வாரம் மகளின் மீன் தொட்டிக்குத் தீவனம் வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு பெரிய சாக்கின் வாயைப் பிரித்து டிரம்மில் கொட்டிக்கொண்டிருந்தார். உடைத்த மக்காச்சோளம், தவிடு, கருவாட்டுத் தூள் எல்லாம் கலந்த கோழித் தீவன வாசனை முகத்தில் வந்து அடித்தது. வாங்க வந்தது என்ன என்பதே மறந்துபோய் அப்படியே நின்றுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா மேடம், வூட்ல கோழி வளக்கறீங்களா?" என்றார். "சேச்சே, அதெல்லாம் இல்லீங்க" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் வாயில் வந்துவிட்ட பதில் அது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்தப் பொய் என் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

வளர்த்தோம். கோழி மட்டுமா, ஈமுவும் வளர்த்தோம். காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரத்தில் செவிலிமேட்டில் எங்கள் வீடு. அப்பா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் அரை கிரவுண்டு காலி இடம் இருந்தது. அதைத் தாண்டினால் முள்செடிகள், அப்புறம் பாலாறு. ஆறு என்றதும் தண்ணீரை நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் மணல்தான், அதை அள்ளிக்கொண்டு போகவும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

கோழிகள் அம்மாவின் ராஜ்ஜியம். நாட்டுக்கோழிகள், எப்போதும் இருபதுக்குக் குறையாது. ஆனால் அம்மாவின் பெயர் பரவியது கோழிகளால் அல்ல, அடை வைப்பதால். தெருவில் யார் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் முட்டைகளை முறத்தில் வைத்துக்கொண்டு அம்மாவைத் தேடி வருவார்கள். அம்மா ஒவ்வொரு முட்டையாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக் கரு இல்லாத கூமுட்டையைக் கழிப்பாள். கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, முட்டைகளை ஒற்றைப்படையில் வைப்பாள். ஒன்பது, பதினொன்று, கோழி பெரியதாக இருந்தால் பதிமூன்று. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஒரு கரித்துண்டும் ஒரு இரும்பு ஆணியும் ஓரத்தில் செருகுவாள். "அவ கை வெச்சா ஒண்ணு கூட வீணாப் போவாது" என்று தெருவில் சொல்லிக்கொள்வார்கள். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. அவளை நாலு பேர் தேடி வருவதற்கு இருந்த ஒரே காரணம் அந்தக் கைராசிதான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது.

அதே கையால் அடை தெளிய வைக்கவும் செய்வாள். சில கோழிகள் முட்டையே இல்லாமல் வெறும் தரையில் பிடிவாதமாக உட்கார்ந்துகொள்ளும். அவற்றைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு முக்கு முக்கி வெயிலில் விடுவாள். கோழி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு திட்டித் தீர்த்துவிட்டு மேயப் போய்விடும். சிலது கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்து உட்காரும், மறுபடி ஒரு முக்கு. நல்ல முட்டையில் உட்கார்ந்திருக்கும் கோழியை மட்டும் தொடமாட்டாள், யாரையும் தொட விடவும் மாட்டாள்.

ஈமுவைக் கொண்டுவந்தது அப்பா. அந்தக் காலத்தில் ஈமு என்பது ஒரு காய்ச்சல் மாதிரி ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் குஞ்சு தருவார்கள், தீவனம் தருவார்கள், வளர்ந்து முட்டையிட்டால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள், நமக்கு மாதா மாதம் சம்பளம் மாதிரி வரும் என்றார்கள். அப்பா ஓய்வுபெற்ற பணத்தைக் கொண்டுபோய் அதில் போட்டார். ஒரு ஜோடி வந்து இறங்கியது. கொல்லையில் ஆளுயரத்துக்குக் கம்பிவேலி போட்டோம்.

குஞ்சில் ஆண், பெண் அடையாளம் தெரியாதாம். அதற்காக எங்கள் வீட்டில் காத்திருப்போமா? முரட்டுத்தனமாக முட்டிக்கொண்டு முதலில் தீவனத்துக்கு வந்ததை ராஜா என்றோம். பின்னால் ஒதுங்கி நின்றதை லட்சுமி என்றார் அப்பா. இரண்டு வருடம் கழித்து ஒரு மாலை ராஜா முட்டை போட்டது. பெரிய உருளைக்கிழங்கு ஒன்று பச்சைச் சாயத்தில் விழுந்தாற்போலக் கரும்பச்சையாக ஒரு முட்டை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெயரை மாற்றலாமே என்றேன். "கூப்ட்டு பழகிடுச்சு, வுடுடி" என்றுவிட்டாள்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து நாள் முழுக்கப் புடவை பிரித்துக் காட்டும் வேலை. கல்யாணப் பெண்கள் குனிந்து ஜரிகையைத் தடவிப் பார்க்கும்போது அவர்கள் முகம் என் கைக்கு அருகில் வரும். ஒருநாள் அப்படிக் குனிந்த ஒரு அம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார். மேற்பார்வையாளர் எங்கள் வரிசையில் நடந்தபடி, "யாரு மேல இந்த கோழி வாசன வருது?" என்று மெதுவாகத்தான் கேட்டார். என் காது மடல் எரிந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் சந்தன சோப்பு போட்டு இரண்டு முறை குளித்தேன். துணிகளைக் கொல்லையில் காயப்போடாமல் மொட்டை மாடியில் காயப்போட்டேன். காலையில் கோழிக்கூண்டைத் திறந்துவிடும் வேலையை அம்மாவிடமே தள்ளினேன். ஆனாலும் எப்படியோ கடையில் தெரிந்துவிட்டது. "ஈமு வந்துச்சா?", "ஈமு சாப்ட்டுதா?" என்று என்னைப் பற்றி என் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். கேலிதான், வேறு கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்தக் கேலியைச் சிரித்துக் கடந்துபோகும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்திருக்கலாம். நானோ வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுவேன்.

ஒரு மழைக்காலத்தில் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். தீவன வண்டி வரவில்லை, முட்டை எடுக்க வருகிறவரும் வரவில்லை. அப்பா யாரோடும் பேசாமல் ஆனார். காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார், பேருந்து நிலையத்தில் பழைய ஆட்களோடு உட்கார்ந்துவிட்டு வருவார். ராஜா மட்டும் எதுவும் தெரியாமல் மூன்று நாளைக்கு ஒன்றாக முட்டை போட்டுக்கொண்டே இருந்தது. எட்டு ஆனதும் அம்மா தவித்துப் போனாள். ஒற்றைப்படையில் நிற்க வேண்டுமே! ஒன்பதாவது வந்த அன்று வரதராஜரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தாள்.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம் லட்சுமி போய் அந்த முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. இடம்தான் வில்லங்கம். வேலியின் மூலையில் மழை ஒழுகியது என்று அம்மா அவற்றைக் குளியலறைச் சுவரை ஒட்டிய தாழ்வாரத்துக்கு மாற்றியிருந்தாள். சமையலறைப் பின்கதவைத் திறந்தால் பத்தடி தூரத்தில் லட்சுமி. அது தீவனத்தைத் தொடவில்லை, தண்ணீரையும் தொடவில்லை. அம்மா பயந்துபோய்க் கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். ஈமுவில் அடைகாப்பது ஆண்தான், ஐம்பது நாளுக்கு மேல் ஆகும், அதுவரை ஒன்றும் தின்னாது என்று அவர் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு அம்மாவுக்கு வந்தது ஆச்சரியமா மரியாதையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை முடிந்ததும் அதன் எதிரில் போய்க் குந்திக்கொள்வாள். "ஒரு வாய் தண்ணியாவது குடிடா ராசா" என்பாள். லட்சுமி கழுத்தை லேசாகத் திருப்பி அவளைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். வைக்கோல் ஓரத்தில் கரித்துண்டும் ஆணியும் செருகியிருந்தாள். கதவுக்குப் பின்னால் சுவரில் நாளுக்கு ஒரு கரிக்கோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

இந்த ஒன்பதும் பொரித்துவிட்டால் அப்பா தலை நிமிர்வார் என்று அம்மா நம்பினாள். குஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியாது. ஏதோ ஒன்றாவது நல்லபடியாக முடிந்தது என்று ஆகவேண்டும், அவ்வளவுதான்.

தை பிறந்ததும் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. முசரவாக்கத்துக்காரர்கள். விவசாயக் குடும்பம், பையன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போட்டோவில் பார்த்து எனக்கும் பிடித்திருந்தது. மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது. இரண்டு நாளுக்கு முன்பே அம்மாவிடம் சண்டையை ஆரம்பித்தேன்.

"கை கழுவ பின்னாடிதானம்மா வருவாங்க. இந்த நாத்தத்துல வந்து நிப்பாங்களா?"

"மனுசங்க வந்து போற வூடு, பறவ இருக்கிற வூடு. இதுல இன்னாடி நாத்தம்?"

"அத அந்த மூலைக்கு மாத்திடும்மா."

"இன்னும் அஞ்சாறு நாளுதான். இப்ப போயி தொட்டா பாவம். அதுக்கப்புறம் நீ சொல்ற எடத்துக்கு மாத்திக்கிறேன், சரியா?"

கடைசியில் தன்னுடைய பழைய சுங்குடிப் புடவை ஒன்றைத் தாழ்வாரத்தின் குறுக்கே கொடியில் போட்டு மறைத்தாள். புடவைக்கு அடியில் லட்சுமியின் கால் நகங்கள் தெரிந்தன. வாசனையை எந்தப் புடவை மறைக்கும்?

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. அப்பா அவர்களை அழைத்துவரப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். அம்மா கேசரி கிண்ட ரவை போதாமல் கடைக்குப் போனாள். கடையில் எனக்குச் சலுகையில் கிடைத்த மாம்பழ நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு, வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பின்கதவைத் திறந்தேன். எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: அடைக்கோழி மேல் தண்ணீரை ஊற்றினால் எழுந்து போகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்காருகிறது. இதுவும் ஒரு கோழிதானே, என்ன, கொஞ்சம் பெரிய கோழி. அவர்கள் வந்து போகும் ஒரு மணி நேரம் எழுந்து நிற்கட்டும். பிறகு முட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

முதல் வாளித் தண்ணீரை முதுகில் ஊற்றினேன். லட்சுமி எழவில்லை. கழுத்தை இழுத்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது வாளிக்கும் எழவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டது. ஈமு உதைத்தால் எலும்பு முறிந்துவிடும் என்று கம்பெனிக்காரர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். அது என்னை உதைத்திருக்கலாம். மூன்றாவது வாளியில் எழுந்தது. ஐம்பது நாள் பட்டினி, எழுந்ததும் கால்கள் தள்ளாடின. வேலியோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

முட்டைகளை இரண்டிரண்டாக எடுத்துப் பிளாஸ்டிக் கூடையில் வைத்துத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கொண்டுபோய் சாக்கு போட்டு மூடினேன். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன. ஒன்றிலிருந்து மெல்லிய சீழ்க்கை போல ஏதோ சத்தம் வந்த மாதிரி இருந்தது. மாதிரி என்று எழுதுவதும் பொய்தான். சத்தம் வந்தது, எனக்குக் கேட்டது, இருந்தும் மூடினேன். ஈர வைக்கோலை வாரிக் கொட்டினேன், கரித்துண்டையும் ஆணியையும் சேர்த்துத்தான். அந்த இடத்தில் அரை பாட்டில் பினாயிலை ஊற்றிக் கழுவிவிட்டேன். பிறகு சந்தன சோப்பில் கை கழுவிக்கொண்டு அறையில் போய் உட்கார்ந்தேன். அம்மா வந்து கேசரியைக் கிளறி முடிப்பதற்கும் அவர்கள் வருவதற்கும் சரியாக இருந்தது. பின்கதவை அவள் திறக்கவே இல்லை.

பையனும் அவருடைய அம்மாவும் மாமாவும் வந்தார்கள். காபித் தட்டை நீட்டினேன், நமஸ்காரம் செய்தேன், எல்லாம் முறைப்படி நடந்தது. பையனின் அம்மா கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு என் அம்மா பக்கம் திரும்பினார்.

"உங்கள எனக்கு முன்னாடியே தெரியும்மா. எங்க ஊர்ல என் நாத்தனாருக்கு நீங்கதான் பதிமூணு முட்டை வெச்சு குடுத்தீங்க. பதிமூணும் பொரிச்சுது. அந்த கைராசிக்காரம்மா பொண்ணுன்னு சொன்னதும்தான் நான் கெளம்பி வந்தேன்."

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அப்பாகூடச் சிரித்தார். பையனின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"அந்த பெரிய பறவ அடையில இருக்குதாமே? தூரத்துல நின்னுக்கினு ஒரு தடவ பாத்துட்டு போறனே. தொந்தரவு பண்ணமாட்டேன்."

"வாங்கக்கா, தாராளமா பாருங்க. இன்னும் நாலு நாளுதான் கணக்கு" என்று அம்மா முன்னால் நடந்தாள். நான் எழுந்து என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் சமையலறையைத் தாண்டிவிட்டார்கள். எல்லோருக்கும் பின்னால் போனேன்.

அம்மா புடவையை விலக்கினாள். பினாயில் நெடியும் ஈரச் சிமெண்டுத் தரையும்தான் இருந்தன. லட்சுமி வேலியோரத்தில் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றது. அம்மா நேராகத் துவைக்கிற கல்லுக்குப் போய்ச் சாக்கை எடுத்தாள். எப்படித்தான் தெரிந்ததோ. பையனின் அம்மா ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தார்.

"அய்யய்யோ, உள்ள உசுரு இருக்குதும்மா. அடையில இருந்தத யாரு எழுப்பி வுட்டது?"

அம்மா என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். என் புடவைக் கொசுவம் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"நான்தாங்கக்கா" என்றாள். "நீங்க வர்ற நேரம் எடம் சுத்தமா இருக்கட்டும்னு எழுப்பி வுட்டுட்டேன். புத்தி கெட்டுப் போயி."

"நீங்களா?" என்றார் அவர். முட்டையை மெதுவாகக் கூடையில் வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். "இல்லை, நான்தான்" என்று இரண்டே வார்த்தை. பையன் அங்கே நின்றுகொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்களிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை.

அம்மா புது வைக்கோல் போட்டு முட்டைகளைத் திரும்ப வைத்தாள். லட்சுமியைக் கெஞ்சினாள். அது கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. கோழி திரும்பி வரும், ஈமு வரவில்லை. பிறகு முட்டைகளைக் கூடையில் வைத்து மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். அப்போதெல்லாம் பாதி நாள் மின்சாரம் இருக்காது. மின்சாரம் போகும்போது சூடான மணலைத் துணியில் முடிந்து முட்டைகளைச் சுற்றி அடுக்கினாள். நான்காம் நாள் ஒரு முட்டையில் விரல் நகம் அளவுக்கு விரிசல் விட்டது. அலகின் நுனி தெரிந்தது. மறுநாள் வரை அம்மா அதன் பக்கத்திலேயே இருந்தாள். அதற்கு மேல் விரிசல் பெரிதாகவில்லை. ஒன்பதையும் அவளே கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். உதவிக்குப் போன என்னை, "நீ கடைக்கு கெளம்பு, நேரமாவுது" என்று அனுப்பிவிட்டாள். திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி அழுது தீர்த்திருப்பேன்.

விஷயம் முசரவாக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு நடந்தே வந்து சேர்ந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து, ஆறு வீடு தள்ளி இருக்கும் அக்கா முறத்தில் முட்டையோடு எங்கள் வாசலைக் கடந்து அடுத்த தெருவுக்குப் போனார். அம்மா வாசலில்தான் நின்றிருந்தாள். அந்த அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அம்மாவைத் தேடி யாரும் முட்டையோடு வரவில்லை. எங்கள் கோழிகளுக்கே அவள் அடை வைக்கவில்லை. "என் கை ஆவாது" என்றாள். கோழிகள் ஒவ்வொன்றாகக் குழம்பாகித் தீர்ந்தன. திருமுக்கூடல் பக்கம் தோப்பு வைத்திருந்த ஒருவர் மினி லாரி கொண்டுவந்து ராஜாவையும் லட்சுமியையும் ஏற்றிக்கொண்டு போனார். அவை அங்கே என்ன ஆயின என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பிறகு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது. அந்தக் கொல்லையில் இப்போது இரண்டு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தெரு முழுக்கச் சிமெண்டு போட்டாயிற்று, ஒரு வீட்டிலும் கோழி கிடையாது. முறத்தில் முட்டை எடுத்துக்கொண்டு போகும் பெண்களும் கிடையாது. அம்மா மட்டும் என் மகளுக்கு ஈமு கதை சொல்கிறாள். "நான்தான் பாவி, தண்ணிய ஊத்தி எழுப்பி வுட்டுட்டேன்" என்று அவள் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

தீவனக் கடையில் பொய் சொன்ன அந்த வாரக் கடைசியில் செவிலிமேட்டுக்குப் போனேன். மகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அன்னிக்கி லட்சுமிய எழுப்பினது நான்தானேம்மா. நீ எனக்காகத்தானே உன் மேல போட்டுக்கின?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் விளையாடவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும்.

"நீ எங்கடி அங்க வந்த? நீ பட்டுப்புடவைய கட்டிக்கினு உள்ள உக்காந்துக்கினு இருந்த. நான் ரவை வாங்கிக்கினு வந்தேன், வந்ததும் ஊத்தினேன். மூணு வாளி. அது கண்ண மூடிக்கிச்சு, அது கூட இன்னும் என் கண்ணுல நிக்குது."

மூன்று வாளி என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. எத்தனை வாளி என்று அவளாகவே நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறாள். இல்லம்மா நான்தான், நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மாவின் நினைவில் அன்றைக்கு நான் பின்கதவைத் திறக்கவே இல்லை. என்னை மன்னிக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான், அவளைப் பொறுத்தவரை இப்போது நான் அந்தக் குற்றத்தைச் செய்யவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கீரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினாள்.

"நீ எதுக்குடி அழுவுற, பைத்தியம்? தப்பு பண்ணது நானு."